வெட்சூட்டுக்கு மேல் ஒரு நைட்டி

என் வீட்டுக்காரர் பத்து வருடம் வளைகுடா நாட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது இரண்டு பழக்கங்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒன்று, பால் ஊற்றாத தேநீர். இன்னொன்று, கயாக்கில் போய் மீன் பிடிப்பது. தேநீர் ஒரே மாதத்தில் போய்விட்டது. கயாக் போகவில்லை.

கயாக் என்பது பிளாஸ்டிக்கில் வார்த்த ஒடுங்கலான படகு. இரண்டு பேர் முன்னும் பின்னுமாகக் காலை நீட்டி உட்காரலாம். இவர் அதைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னமனூர் தாண்டி, மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு சின்ன அணைக்குப் போவார். அங்கே மீன் பிடிக்கும் உரிமையை, மீன்பாசி என்பார்கள், குத்தகைக்கு எடுத்தவர் இவருக்குப் பழக்கம். முதலில் நண்பர்களைக் கூட்டிப் போனார். ஒருவர் முதுகு வலி என்றார், இன்னொருவர் மறுவாரமே போனை எடுக்கவில்லை. இவருக்கு முன்னால் உட்கார்ந்து தூண்டில் வீச வேண்டும். பின்னால் உட்கார்ந்து துடுப்புப் போடவும், மீன் மாட்டும்போது போனில் படம் பிடிக்கவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நானானேன்.

தேனியில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர் நான். கம்பத்துப் பக்கம் பிறந்தவள். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடியது, பன்னிரண்டு வயதுவரை அதில் கிடந்தேன். அதன் பிறகு என்னை யாரும் தண்ணீர் பக்கம் விடவில்லை. நாற்பத்தி நான்கு வயதில் கயாக்கில் ஏறி உட்கார்ந்தபோது, என்ன சொல்வது, பிடித்திருந்தது. இவருக்காகப் போனேன் என்று பேருக்குச் சொல்லிக்கொண்டாலும், சனிக்கிழமை சாயங்காலமே எனக்குக் கால் பரபரக்க ஆரம்பித்துவிடும். இவர் நீந்தத் தெரியாதவர் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் நான்கு வாரம் சுடிதாரில் போனேன். கார்த்திகை மாதம். மலையிலிருந்து இறங்கி நேராக அணைக்குள் வந்த தண்ணீர், விரலை வைத்தால் எலும்பில் ஏறும். கயாக்கின் இருக்கையில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். பருத்தித் துணி அதைக் குடித்து இடுப்பு வரைக்கும் ஏற்றிக்கொள்ளும், வெயில் ஏறும்வரை காயாது. நான்காவது வாரம் என் துப்பட்டா இவருடைய தூண்டில் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. அதைப் பிரித்தெடுக்கவே அரை மணி நேரம் ஆனது. அன்றைக்கு வீடு திரும்பி இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தேன்.

அப்போதுதான் இவர் சொன்னார், "இந்தா பாரு, இதுக்குன்னு டிரெஸ் இருக்கு. முறையா வாங்கிருவோம்."

இவருக்குப் பாடம் நடத்தப் பிடிக்கும். வீட்டில் டீச்சர் யார் என்ற சந்தேகம் வருகிறவர்கள் ஒருநாள் வந்து பார்க்கலாம். போனில் படம் படமாகக் காட்டி விளக்கினார். வெட்சூட் என்ற அந்த ரப்பர் உடை தண்ணீரை வெளியே நிறுத்துவதில்லை. கொஞ்சம் தண்ணீரை உள்ளே விட்டு, அதை உடம்புக்கும் ரப்பருக்கும் நடுவில் பிடித்துவைத்து, நம் சூட்டிலேயே வெதுவெதுப்பாக்கிக் கொள்கிறது. ரப்பருக்குள்ளே நுண்ணிய காற்றுக் குமிழிகள். அதனால் அது மிதக்கவும் செய்யும். நம் ஊர்க் குளிருக்கு மூன்று மில்லிமீட்டர் கனம் போதும். துடுப்புப் போடுகிறவர்களுக்குக் கை இல்லாதது நல்லது, தோள் தாராளமாகச் சுற்றும். கைக்குத் தனியாக ஒரு வெயில் உறை. காலுக்கு ரப்பர் அடி வைத்த மெல்லிய ஷூ, ஏனென்றால் சேற்றில் செருப்பு நிற்காது. எல்லாவற்றுக்கும் மேலே லைஃப் ஜாக்கெட்.

"எந்தக் காரணத்துக்கும் லைஃப் ஜாக்கெட்டக் கழட்டக்கூடாது. அதுல நெஞ்சுப் பக்கம் ஒரு கத்தி மாட்டிக்கணும். நரம்பு சுத்துனா அறுக்கணும்ல?" என்றார். தூண்டில் கயிற்றை நரம்பு என்பார்கள். இவர் வாங்கியது பின்னிய நரம்பு, கையால் இழுத்து அறுக்க முடியாது. கத்தி ஒன்றுதான் வாங்கினார், தனக்கு.

"முக்கியமா ஒண்ணு. சூட் டைட்டா இருக்கணும். தோல் மாதிரி ஒட்டணும். லூசா இருந்தா குளிர்ந்த தண்ணி உள்ள போயி வந்துக்கிட்டே இருக்கும், போட்டும் போடாத மாதிரிதான்." இது இவர் வாயால் சொன்னது. தேதி கேட்டால்தான் எனக்குச் சொல்லத் தெரியாது.

பக்கத்து வீட்டில் ஒரு டெய்லர் அக்கா இருக்கிறார். ரவிக்கையிலிருந்து பள்ளிச் சீருடை வரை தைப்பவர். அவரிடம் போய் அளவெடுத்துக்கொண்டேன். நெஞ்சு, இடுப்பு, தொடை, கழுத்திலிருந்து கவட்டை வரை. டேப்பைச் சுற்றிவிட்டு அவர் வழக்கம்போல, "புடிச்சுப் போடவா, லூசுக்கு ரெண்டு இஞ்ச் விடவா?" என்று கேட்டார். எங்கள் பக்கம் துணி என்று எதை எடுத்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். பதிலும் ஒன்றுதான். லூசுக்கு விடுங்கள். வளர்கிற பிள்ளைக்கு வளர்வதற்காக, வளர்ந்த பெண்ணுக்கு மறைப்பதற்காக.

"அக்கா, இதுக்குப் புடிச்சேதான் போடணுமாம்," என்றேன்.

அவர் போனில் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்க வீட்ல ஒத்துக்கிட்டாகளா?" என்று கேட்டார்.

அதில் என்ன ஒத்துக்கொள்ள இருக்கிறது என்று கேட்டுவிட்டு வந்தேன். வந்து பார்த்தால், இவர் ஏற்கெனவே ஆன்லைனில் ஆர்டர் போட்டிருந்தார். தனக்கு அளவுப் பட்டியலைப் பார்த்துச் சரியான சைஸ். எனக்கு இரண்டு சைஸ் பெரியது.

"ஒட்டணும்னு சொன்னீகளே?"

"சொன்னேன். அது ஆம்பளைக்கு. நீ டீச்சர். அங்கன நாலு ஆளுக வாராக போறாக. ஒட்டிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?"

குளிர் ஆம்பளை பொம்பளை பார்த்தா உள்ளே வரும் என்று கேட்டேன். இவருக்குக் கோபம் வந்தது. எனக்கு அதைவிட வந்தது. ஆனால் சண்டை போட்டால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அந்தப் பெரிய சூட் வந்து சேர்ந்ததும் போட்டுப் பார்த்தேன். இடுப்பில் நெல் சாக்கைக் கட்டிக்கொண்டு நின்றதுபோல இருந்தது. மறுநாள் பள்ளி இடைவேளையில் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்தே அதைத் திருப்பி அனுப்பவும், என் அளவில் வேறொன்று வரவும் ஏற்பாடு செய்தேன். பார்சல் டெய்லர் அக்கா வீட்டுக்கு வந்தது. கல்யாணமாகி இருபது வருடத்தில் நான் இவருக்குத் தெரியாமல் வாங்கிய முதல் துணி அது.

அக்கா வீட்டுக் கண்ணாடி முன்னால்தான் முதன்முதலில் போட்டுக்கொண்டேன். உள்ளே நுழையவே கால் மணி நேரம் ஆனது. முதுகில் ஜிப், அதில் நீளமாக ஒரு நாடா. தோளுக்கு மேலே கையை விட்டு நாடாவைப் பிடித்து இழுத்தால் நாமே மூடிக்கொள்ளலாம், யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. கறுப்பு. தொப்பை இருந்தது, தொடை இருந்தது, இரண்டு பிரசவம் பார்த்த உடம்பு முழுதாக இருந்தது. எனக்கு வெட்கம் வரவில்லை. வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. குனிந்தேன், குந்தினேன், கையைச் சுழற்றினேன். எங்கேயும் எதுவும் தடுக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அதோடு காரில் ஏறப் போனபோது இவர் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டும். சைஸ் மாறியதை இவர் கேட்கவே இல்லை. உள்ளே போய், நான் சமையல்கட்டில் போடும் நைட்டியை எடுத்து வந்தார். பழுப்பு நிறம், மஞ்சள் பூப் போட்டது, முன்னால் இடுப்பு வரை ஜிப் வைத்தது.

"இத மேல போட்டுக்க."

"சூட்டுக்கு மேலயா?"

"காட்டு வேலைக்குப் போற பொம்பளையாளுக சேலைக்கு மேல சட்டை போட்டுத்தான போறாக? அது மாதிரி நினைச்சுக்க. கரைய விட்டுத் தள்ளிப் போற வரைக்கும்தான்."

கரையை விட்டுத் தள்ளிப் போனதும் கழற்றலாம் என்றால், லைஃப் ஜாக்கெட் நைட்டிக்கு மேலே இருக்கிறது. அதைக் கழற்றாமல் இதைக் கழற்ற முடியாது. கழற்றக் கூடாது என்பதும் இவர் சட்டம். பரிசலில் வலை எடுக்கிறவர்கள் வேறு தண்ணீர் மேலே இருந்தார்கள், "அவுக பாப்பாக" என்றார். ஆக, நைட்டி நாள் முழுக்க இருந்தது.

எங்கள் ஊர்ப் பெண்கள் அருவியில் குளிப்பதும் நைட்டியோடுதான், நானும் அப்படித்தான் குளித்திருக்கிறேன். நனைந்த நைட்டி எப்படிக் கனக்கும், நடக்கும்போது முழங்காலை எப்படிச் சுற்றிப் பிடிக்கும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் போட்டுக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தால் என்மேல்தான் முதல் எரிச்சல் வருகிறது. பள்ளியில் குழந்தைகளுக்கு மிதத்தலும் மூழ்குதலும் நடத்துகிறவள், மிதக்கும் துணிக்கு மேலே மூழ்கும் துணியைப் போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இவரோ சூட்டோடு கரையில் நின்றார். தொப்பை என்னுடையதைவிட இரண்டு பங்கு. இடுப்பில் கை வைத்து, தொப்பியைச் சரி செய்து, "ஒரு போட்டோ எடு" என்பார். ஆடு மேய்ப்பவர்களும் குளிக்க வந்தவர்களும் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அணைக்குப் போகும் வழியெல்லாம் சபரிமலைக்குப் போகிறவர்கள் கறுப்பு உடுத்திக் கூட்டம் கூட்டமாகக் குமுளிப் பக்கம் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். கறுப்பிலே நான் ஒருத்தி மட்டும்தான் இந்தப் பள்ளத்தாக்கின் கண்ணை உறுத்தினேன் போலிருக்கிறது.

இப்படி மூன்று ஞாயிறு போனது. நான்காவது, மார்கழிக் கடைசி. வெயில் மலைக்கு மேலே வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அணையின் ஒரு மூலையில், அணை கட்டுவதற்கு முன்னால் நின்ற மரங்கள் பட்டுப்போய்த் தண்ணீருக்கு அடியில் கட்டைகளாக நிற்கும். அங்கேதான் விரால் ஒதுங்கும். இவர் தவளை உருவத்தில் ரப்பர் பொம்மை வைத்த, இரட்டைக் கொக்கித் தூண்டிலை வீசி, கயாக்கை ஒட்டி இழுத்துக்கொண்டிருந்தார். என் நைட்டியின் ஓரம் வழக்கம்போலப் பக்கவாட்டில் விழுந்து தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. கொக்கி அதில் மாட்டியது.

"ஏய், பெருசு! பெருசு மாட்டிருச்சு!" என்று கத்தினார் இவர். கத்தியபடி முழு பலத்தோடு கம்பை வெட்டி இழுத்தார். அவர் சாய்ந்த பக்கமே என் தொடையும் இழுபட்டுச் சாய்ந்தது. நான் "விடுங்க, என் துணி" என்று சொல்லி முடிக்கவில்லை. கயாக் கவிழ்ந்துவிட்டது.

முதல் நொடியில் பயமில்லை. லைஃப் ஜாக்கெட் என்னை மேலே தூக்கியது, மூச்சு வாங்கினேன், வானம் தெரிந்தது. இரண்டாவது நொடியில் கீழேயிருந்து ஏதோ இழுத்தது. இவர் கையை விட்டுப் போன தூண்டில் கம்பு எங்கேயோ கீழே போய், நரம்பு மரக்கட்டையைச் சுற்றியிருந்தது. நரம்பின் நுனியில் கொக்கி, கொக்கியில் என் நைட்டி. அலையில் கயாக் என் தோளை இடித்துவிட்டு விலகிப் போக, நைட்டி இன்னும் இறுகி இரண்டு காலையும் சேர்த்துக் கட்டியது. லைஃப் ஜாக்கெட் மேலே இழுக்கிறது, நைட்டி கீழே இழுக்கிறது. நடுவில் என் மூக்குக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்கூட இல்லை.

இவர் ஏழெட்டு முழம் தள்ளி, கயாக்கைக் கட்டிப் பிடித்தபடி மிதந்துகொண்டிருந்தார். நெஞ்சில் அந்தக் கத்தி. எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, அதன் ஆரஞ்சுப் பிடி.

"கத்தி! கத்தியக் குடுங்க!"

"பயப்படாத! லைஃப் ஜாக்கெட் இருக்கு! பயப்படாத!" என்று கத்தினார். வரவில்லை. நீந்தத் தெரியாதவருக்குப் பயம் வரும், அதை நான் குறை சொல்லமாட்டேன். கயாக்கோடு சேர்த்துக் காலை உதைத்திருந்தால் வந்திருக்கலாம் என்பதையும் மறக்கமாட்டேன்.

நைட்டியின் ஜிப்பைத் திறக்க வேண்டும் என்றால் அதன் மேலே இருக்கும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டும். மூன்று கிளிப். ஒன்றைக் கழற்றியதும் தண்ணீர் வாய்க்கு வந்தது. இரண்டாவதற்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டேன். மூன்றாவதைக் கழற்றும்போது என்னைப் பெற்றவர்களையோ பிள்ளைகளையோ நினைக்கவில்லை. இந்த நைட்டியோடு சாகமாட்டேன் என்று மட்டும் ஓடியது. லைஃப் ஜாக்கெட்டை உதறிவிட்டு, நைட்டி ஜிப்பை வயிறு வரை இழுத்து, கையை உருவி, தோளை உருவி, உதைத்தேன். அது இடுப்பைத் தாண்டி, காலைத் தாண்டிக் கீழே போனது. அதன் பிறகு கீழே இழுக்க ஒன்றுமில்லை. அந்தக் கறுப்பு ரப்பர், இவர் பாடம் நடத்தினாரே அதேபோல, என்னைத் தக்கையாக மேலே கொண்டுவந்து விட்டது.

பரிசலில் வந்துகொண்டிருந்த புருஷன் பெண்டாட்டி எங்களைப் பார்த்துவிட்டார்கள். அந்த அம்மாள் சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்தார். "ஏ ஆத்தா, கையக் குடு, கையக் குடு," என்று என் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பில் உள்ளே போட்டார். நான் இருமி முடிக்கும்வரை முதுகைத் தட்டினார். பிறகு சூட்டைத் தடவிப் பார்த்தார்.

"ரப்பரா இது? நல்லா உடம்போட ஒட்டுன துணி தாயி. அதான் பொழச்ச. சேலையா இருந்தா கீழயே இருந்திருப்ப." கொஞ்சம் யோசித்து, "இது எங்கன கிடைக்கும்? காலையில வலை எடுக்கையில குளிர் கொல்லுது," என்றார்.

பிறகு பரிசல் கயாக்குப் பக்கம் போனது. அந்த அண்ணன் மிதந்துகொண்டிருந்த என் லைஃப் ஜாக்கெட்டை எடுத்துப் பரிசலில் போட்டுவிட்டு, கயிற்றைப் போட்டு, இவரையும் கயாக்கையும் சேர்த்துக் கட்டி இழுத்தார். கரையில் ஏழெட்டுப் பேர் கூடி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் தண்ணீரிலிருந்தபடியே பரிசலின் விளிம்பைப் பிடித்துத் தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்தார். தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். கரையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"நைட்டி எங்க?"

அந்த அம்மாள் இவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் திரும்பித் துடுப்பை எடுத்துக்கொண்டார்.

கரையில் இறங்கி, அத்தனை பேருக்கும் நடுவில், சூட்டோடு காருக்கு நடந்தேன். இவர் துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். நான் வாங்கவில்லை. பார்த்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். ஒரு பெரியவர் "அடி ஒண்ணும் படலையேம்மா?" என்று கேட்டார். அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

சொந்தக்காரர்களுக்கெல்லாம் இவர் போனில் கதை சொன்னதைச் சமையல்கட்டிலிருந்து கேட்டேன். "கயாக் கவுந்துருச்சு மாமா. நல்ல வேளை, டிரெஸ் எல்லாம் பாத்துப் பாத்துத் தரமா எடுத்திருந்தேன். அதான் அவ தப்பிச்சா." பாத்துப் பாத்து என்ற இடத்தில் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறார் என்று நினைக்கிறேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொய் சொல்கிறவரோடு சண்டை போடலாம், நம்புகிறவரோடு என்ன செய்வது?

அதன் பிறகு நான் போகவில்லை, இவரும் கூப்பிடவில்லை. கயாக் மாடியில் கவிழ்ந்து கிடந்தது. சித்திரையில் அணையில் தண்ணீர் இறங்கியது. அடியில் நின்ற கட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. குத்தகைக்காரர் இவருக்குப் போன் செய்து, "அண்ணே, உங்க வீட்டு நைட்டி மரத்துல தொங்குது, வாரவுக எல்லாம் என்ன ஏதுன்னு கேக்குறாக," என்று சிரித்திருக்கிறார்.

இவர் மறுநாளே கிளம்பிப் போயிருக்கிறார். முழங்கால் புதையும் சேற்றில் அந்தக் கட்டை வரைக்கும் நடந்து போய், நெஞ்சிலிருந்த அதே கத்தியை எடுத்து, நரம்பை அறுத்து, நைட்டியை மீட்டுக்கொண்டு வந்திருக்கிறார். நான் பள்ளியிலிருந்து வந்தபோது அது துவைத்து, கொடியில் காய்ந்து, மடித்து, என் வெட்சூட்டின் மேல் வைக்கப்பட்டிருந்தது. இவர் கால் இரண்டிலும் சேறு இன்னும் சரியாகப் போகவில்லை.

"ஒண்ணும் கிழியல பாரு. ஓரத்துல ஒரு ஓட்டை, அம்புட்டுதான்," என்றார். முகத்தில் நல்ல காரியம் செய்த திருப்தி. "தண்ணி கிடக்குற பக்கமா, ஞாயித்துக்கிழமை போவமா?"

ஏழெட்டு முழம். அன்றைக்கு அந்தத் தூரத்தை வராத மனுஷன், நைட்டிக்காகச் சேற்றில் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறார்.

ஓட்டையில் விரலை விட்டு நைட்டியைக் கீழிருந்து மேலே கிழித்தேன். சமையல்கட்டுக் கரித்துணிக்கு நான்கு துண்டு வந்தது. பிறகு கொடியில் தொங்கிய இவருடைய லைஃப் ஜாக்கெட்டிலிருந்து கத்தியை எடுத்து, என்னுடையதில் மாட்டிக்கொண்டேன்.

"போவம்," என்றேன்.